வெளிநாட்டுக் குழந்தைகள் காப்பகத்தில் சேவை செய்யப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்: கம்போடியாவில் நான் இழந்த 1,480 டாலர்

நேற்று மாலை என் வங்கியிலிருந்து இறுதிக் கடிதம் வந்தது. பணம் பெற்ற நிறுவனம் சேவை வழங்கியதற்கான சான்றைக் கொடுத்திருப்பதால் என் முறையீட்டை முடித்துவைப்பதாக அதில் இரண்டே வரிகள் இருந்தன. அந்தச் சான்று எது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதைப் பார்த்த பிறகு இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் இல்லை. இந்த ஆத்திரம் தணிந்துவிட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்பதால் விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் இழந்தது 1,480 அமெரிக்க டாலர். விமானக் கட்டணமும் விசாச் செலவும் இதில் சேரவில்லை. ஆசிரியர் வேலையில் வரும் சம்பளத்திலிருந்து எட்டு மாதங்கள் ஒதுக்கிவைத்துச் சேர்த்த பணம் அது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வெளிநாடுகளில் உள்ள குழந்தைகள் காப்பகங்களுக்குத் தன்னார்வலர்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவைக்கும் ஓர் இடைத்தரகு இணையதளம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதே வகையில் பல இணையதளங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏதேனும் ஒன்றில் விண்ணப்பப் படிவத்தைத் திறந்துவைத்திருப்பவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எந்த இடத்தில் நம்பினேன் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் அங்கேதான் நடந்தது. கோடை விடுமுறையில் நான்கு வாரங்கள், கம்போடியாவின் சியெம் ரீப் நகரில், பெற்றோர் இல்லாத குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பணி என்று அந்த இணையதளத்தில் போட்டிருந்தார்கள். படிவத்தை நிரப்பிய மறுநாளே ஒருங்கிணைப்பாளர் என்று சொல்லிக்கொண்ட ஒரு பெண் காணொளி அழைப்பில் வந்தார். அவர் பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எதற்காக வர விரும்புகிறீர்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேட்டார். என் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறிய ஒரு மாணவனைப் பற்றி நான் சொன்னபோது அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். "உங்களைப் போன்றவர்கள்தான் எங்கள் குழந்தைகளுக்கு வேண்டும்" என்றார். நாற்பது நிமிடம் பேசினோம். இத்தனை பொறுமையாகப் பேசுபவர் பொய் சொல்வார் என்று எனக்கு ஏன் தோன்ற வேண்டும்?

மூன்று நாள் கழித்து வாட்ஸாப்பில் ஒரு புகைப்படம் வந்தது. எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமி, வண்ணப் பென்சிலால் என் பெயரை எழுதிய அட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். என் பெயரில் ஓர் எழுத்து தவறாக இருந்தது. அந்தத் தவறுதான் என்னை முழுவதுமாக உருக்கிவிட்டது. அன்றிரவே முன்பணம் 300 டாலர் கட்டினேன். மீதி 1,180 டாலரை இரண்டு வாரத்தில் கட்டி முடித்தேன். தங்குமிடம், குழந்தைகளின் உணவு, பாடப் பொருள்கள், உள்ளூர்ப் பணியாளரின் ஊதியம் என்று அந்த 1,480 டாலர் எதற்கெல்லாம் போகும் என்பதைக் காட்டும் ஒரு வட்ட வரைபடத்தையும் அனுப்பியிருந்தார்கள். அதில் நிறங்கள் இருந்தன, எண்கள் இல்லை. நான் கவனிக்கவில்லை.

இன்னொன்றையும் நான் கவனிக்கவில்லை. என் பாஸ்போர்ட்டின் நகலையும் சட்டை அளவையும் கேட்டவர்கள், காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழைக் கேட்கவே இல்லை. என் பள்ளியில் யாரிடமும் என்னைப் பற்றி விசாரிக்கவில்லை. குழந்தைகள் இரவும் பகலும் தங்கியிருக்கும் ஒரு வீட்டுக்குள், முன்பின் தெரியாத ஒருவரைப் பணம் கட்டிய ரசீதை மட்டும் பார்த்து அனுமதிக்கிறார்கள். நான் தீங்கு செய்யாதவர் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சியெம் ரீப்பில் விமான நிலையத்துக்கு ஆள் வரும் என்று எழுதியிருந்தார்கள், யாரும் வரவில்லை. 2023இல் திறக்கப்பட்ட புதிய விமான நிலையம் நகரத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. என் கைக்காசில் வாடகை வண்டி பிடித்துப் போனேன். ஆறாம் எண் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு செம்மண் பாதையில், தகரக் கூரை போட்ட இரண்டு கட்டடங்கள். இருபத்தாறு குழந்தைகள். நான் வாசலில் கால் வைத்த உடனேயே நான்கைந்து பேர் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள், ஒரு சிறுவன் என் தோளில் ஏறிவிட்டான். அன்று அதைப் பாசம் என்று நினைத்துக் கண்ணீர் விட்டேன். முன்பின் பார்த்திராத ஒருவரிடம் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒட்டிக்கொள்வது, ஒரே முகத்தை நம்பி வளரும் வாய்ப்பு இல்லாமல் போன குழந்தைகளிடம் ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலமாகப் பதிவு செய்துவரும் ஓர் அறிகுறி என்பதை ஊர் திரும்பிய பிறகுதான் படித்தேன்.

மறுநாள் காலை வகுப்பு. பாடத்திட்டம் எங்கே என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "உங்களுக்கு விருப்பமானதைச் சொல்லிக்கொடுங்கள்" என்றார். புகைப்படத்தில் அட்டை பிடித்திருந்த அதே சிறுமி முன்வரிசையில் இருந்தாள். அவளுடைய நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ஆங்கில எழுத்துகள், அடுத்த பக்கத்தில் நிறங்களின் பெயர்கள், அதற்கடுத்த பக்கத்தில் உடல் உறுப்புகள். நான்காவது பக்கத்தில் மறுபடியும் ஆங்கில எழுத்துகள், மறுபடியும் நிறங்கள், மறுபடியும் உறுப்புகள். அந்த நோட்டு முடியும் வரை அப்படித்தான் இருந்தது. ஓரத்தில் போட்டிருந்த திருத்தக் குறிகள் மட்டும் மாறின: சிவப்பு மை, பச்சை மை, ஊதா மை, நட்சத்திர முத்திரை, சிரித்த முகம். ஒன்பது பேருடைய கையெழுத்தை எண்ணினேன். ஒன்பது பேரும் என்னைப் போலவே மனம் நிறைந்து வந்து, முதல் பாடத்திலிருந்து தொடங்கி, உடல் உறுப்புகளைத் தாண்டுவதற்குள் விடைபெற்றுப் போயிருக்கிறார்கள். அவளுக்கு அந்தச் சொற்கள் எல்லாம் எப்போதோ மனப்பாடம். இருந்தும் நான் மூக்கைத் தொட்டுக் காட்டியபோது, முதல் முறை கேட்பவளைப் போல ஆர்வமாகத் திருப்பிச் சொன்னாள். வகுப்பு முடிந்ததும் என்னிடம் அவள் பிழையில்லாத ஆங்கிலத்தில் கேட்ட ஒரே கேள்வி: "எத்தனை நாள்?"

மாலை ஆறரை மணிக்குச் சுற்றுலாப் பயணிகள் டுக்டுக் வண்டிகளில் வருவார்கள். குழந்தைகள் பட்டுத்துணி கட்டி அப்சரா என்னும் கம்போடிய மரபு நடனம் ஆடுவார்கள். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பவரும் காய்ச்சலில் படுத்திருப்பவரும் எழுந்து வந்தாக வேண்டும். பூட்டிய கண்ணாடி அலமாரியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத பொம்மைகள் அடுக்கியிருந்தன. விருந்தினர் வரும் நேரத்தில் மட்டும் அலமாரி திறக்கும், அவர்கள் கிளம்பியதும் எண்ணிப் பார்த்துப் பூட்டுவார்கள். நன்கொடைப் பெட்டியில் டாலரும் கம்போடிய நாணயமான ரியெலும் விழும். அதே வாரம் சமையல் செய்யும் அம்மா, கடையில் அரிசிக்குக் கடன் ஏறிவிட்டது என்று சைகையில் சொன்னார். நான் 50 கிலோ மூட்டை ஒன்று வாங்கிப் போட்டேன். அப்படியென்றால் குழந்தைகளின் உணவுக்கு என்று என்னிடம் வாங்கிய பணம் எங்கே?

அங்கேயே வளர்ந்து, இப்போது கல்லூரியில் படித்தபடியே உதவியாளராக இருக்கும் ஓர் இளைஞரிடம் இதைக் கேட்டேன். அவர் மிகவும் தயங்கினார்; பிறகு சொன்னார். நான்கு வாரம் தங்கும் ஒருவருக்கு இந்த வீட்டுக்கு வந்து சேர்வது 120 டாலர். அதுவும் மேற்பார்வையாளர் கைக்குத்தான் வரும். நான் கட்டியது 1,480 டாலர். மீதி 1,360 டாலர் அந்த நாட்டுக்குள்ளேயே வரவில்லை என்றுதான் அவர் நினைக்கிறார்.

பணத்தைவிடக் கனமான ஒன்றையும் அவரே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் மிதிவண்டியில் வந்து வாசல் கம்பிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கைப்பிடியில் ஒரு பை, அதில் ரம்புட்டான் பழங்கள். என் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்திருந்த அந்தச் சிறுமி பாய்ந்து ஓடினாள். மேற்பார்வையாளர் அவளை உள்ளே போகச் சொன்னார், விருந்தினர்கள் இருக்கும் நேரம் என்பது காரணம். பழப்பையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். "அது அவளுடைய அம்மா" என்றார் இளைஞர். அவள் அநாதை என்று எனக்கு அனுப்பிய குறிப்பில் இருக்கிறது. தந்தை தாய்லாந்துக்குக் கூலி வேலைக்குப் போயிருக்கிறார். பிள்ளைக்கு ஆங்கிலப் படிப்பும் மூன்று வேளைச் சாப்பாடும் கிடைக்கும் என்று யாரோ கிராமத்துக்கு வந்து பேசி அழைத்து வந்திருக்கிறார்கள். இருபத்தாறு பேரில் தாயும் தந்தையும் இல்லாதவர் தனக்குத் தெரிந்து மூன்று பேர்தான் என்றார் அவர்.

இது அந்த ஒரு வீட்டின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். கம்போடிய அரசின் சமூகநல அமைச்சகமும் யுனிசெஃபும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, 2005இல் 153 ஆக இருந்த காப்பகங்கள் 2010இல் 269 ஆகிவிட்டதைக் காட்டியது. காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளின் எண்ணிக்கை அந்த ஐந்து ஆண்டில் இத்தனை கூடிவிட வாய்ப்பில்லை. கூடியது வெளிநாட்டிலிருந்து வந்து பணம் கொடுப்பவர்களின் எண்ணிக்கை. காப்பகங்கள் அவர்களுக்காகவும் பெருகின என்பதை அந்த ஆய்வே சுட்டிக்காட்டியது. 2015இல் எடுத்த விரிவான கணக்கெடுப்பில் 406 நிறுவனங்களில் 16,579 பேர் இருந்தார்கள். காப்பகம் கடைசிப் புகலிடமாகவும் தற்காலிகமாகவும்தான் இருக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசு 2006இலேயே கொள்கை வகுத்திருக்கிறது. குழந்தைகளைக் காட்சிப்பொருளாகப் பார்க்கப் போகாதீர்கள் என்று 2011இல் அங்கே ஒரு விழிப்புணர்வு இயக்கமே நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, காப்பகங்களை நிரப்புவதற்காகக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோவதும் அந்த விவாதத்தில் இடம்பெற்றது. 2019 டிசம்பரில் ஐநா பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானமும் காப்பகத் தன்னார்வப் பயணங்களால் வரும் தீங்கைக் குறிப்பிட்டது. இவ்வளவும் பொதுவெளியில் இருக்கின்றன. பணம் கட்டும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் படித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்தை நான் அந்த அட்டைப் புகைப்படத்தைப் பார்ப்பதில் செலவழித்தேன்.

பதினோராம் நாள் அங்கிருந்து கிளம்பினேன். நான் பெட்டி கட்டுவதைப் பார்த்தும் அந்தச் சிறுமி அழவில்லை. பழகிய வேலையைச் செய்வதுபோல என் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொடுத்தாள். அதை என்னால் மறக்க முடியவில்லை.

நகரில் ஒரு விடுதியில் தங்கி, மீதமுள்ள நாள்களுக்கான பணத்தைத் திருப்பித் தருமாறும், குழந்தைகளைப் பற்றிய தகவல்கள் பொய்யாக இருப்பதற்கு விளக்கம் தருமாறும் எழுதினேன். முதலில் தானியங்கிப் பதில்: உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம். நான்கு நாள் கழித்து இரண்டாவது பதில்: புதிய பண்பாட்டுச் சூழலில் இத்தகைய மனச்சோர்வு இயல்பு, ஓய்வெடுங்கள். என் குற்றச்சாட்டு என் மனநிலையைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது. மூன்றாவது பதில்: காப்பகம் தனி அமைப்பு, அதன் நிர்வாகத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல. காப்பகத்தின் மேற்பார்வையாளரைக் கேட்டால், பணம் வாங்கியது அவர்கள், அவர்களையே கேளுங்கள் என்றார். நான்காவது பதிலில், நான் கட்டிய 1,480 டாலர் நன்கொடை என்றும் நன்கொடையைத் திருப்பித் தருவதில்லை என்றும் எழுதினார்கள். என்னிடம் இருக்கும் ரசீதில் 'திட்டக் கட்டணம்' என்று இருக்கிறது. அதன் நகலை அனுப்பினேன். அதற்குப் பதில் இல்லை.

கண் கலங்கிய அந்த ஒருங்கிணைப்பாளருக்கும் வாட்ஸாப்பில் எழுதினேன். முதலில் இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. ஒரு வாரத்துக்குப் பின் ஒரே குறியோடு நின்றது. வேறொரு எண்ணிலிருந்து அழைத்தபோது வேறொருவர் எடுத்து, அவர் இப்போது இங்கே வேலை செய்யவில்லை, உங்கள் கோப்பு என்னிடம் வரவில்லை, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். முதலிலிருந்து சொன்னேன். ஐம்பது நிமிடம். கடைசியில் அவர் சொன்ன தீர்வு, வேறு நாட்டில் உள்ள இன்னொரு காப்பகத்துக்கு அடுத்த ஆண்டு போக எனக்கு 200 டாலர் தள்ளுபடிச் சீட்டு. இன்னொரு காப்பகம். நான் சொன்ன ஒரு சொல்லும் அவர் காதில் விழவில்லை.

ஊர் திரும்பி வங்கியின் கார்டு பிரிவில் முறையிட்டேன். ரசீதுகள், மின்னஞ்சல்கள், குழந்தைகளைப் பற்றி அவர்கள் அனுப்பிய பொய்க் குறிப்பு என எல்லாவற்றையும் இணைத்தேன். ஐந்து வாரம் இழுத்தது. நேற்று வந்த கடிதத்துடன், நிறுவனம் கொடுத்த சான்றின் நகலும் இருந்தது. அது ஒரு புகைப்படம். நான் போய்ச் சேர்ந்த முதல் நாள், ஒரு சிறுவன் என் தோளில், மற்றவர்கள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, நான் கண்ணீரும் சிரிப்புமாக நிற்கிறேன். உதவியாளரிடம் என் கைபேசியைக் கொடுத்து எடுக்கச் சொல்லி, நானே நன்றியோடு அவர்களுக்கு அனுப்பிவைத்த படம். "வாடிக்கையாளர் சேவையை மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொண்டதற்கான ஆதாரம்" என்று கீழே குறித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் கைகளைக் காட்டி என் 1,480 டாலரை வைத்துக்கொண்டார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது கை நடுங்குகிறது. அவசரமாகச் சில மட்டும் சொல்கிறேன். காவல்துறைச் சான்றிதழ் கேட்காமல் குழந்தைகளிடம் அனுப்பும் எவருக்கும் ஒரு காசும் கட்டாதீர்கள். கட்டணத்தில் எவ்வளவு காப்பகத்துக்குப் போகும் என்பதை எண்ணில், எழுத்தில் கேளுங்கள், வரைபடத்தை ஏற்காதீர்கள். ரசீதில் கட்டணம் என்று இருக்கிறதா நன்கொடை என்று இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் வந்தால் போதும் என்று சொல்பவரிடம் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். நேபாளம் போன்ற நாடுகளில் அந்த விசாவில் ஊதியமில்லாத சேவையும் செய்யக்கூடாது. ஆசிரியராக உதவ விரும்பினால், பிள்ளைகளோடு நேரடியாக இருப்பதை விட்டுவிட்டு உள்ளூர் ஆசிரியர்களுக்குத் துணை செய்யும் பணியைத் தேடுங்கள். பிள்ளைகளைப் பெற்றோருடன் மீண்டும் சேர்த்துவைக்கும் அமைப்புகளும் அங்கே இருக்கின்றன, பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அவர்களுக்குக் கொடுங்கள். எந்தக் குழந்தையின் புகைப்படத்தையும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அந்தப் படம் இன்று காலையும் அவர்களுடைய முகப்புப் பக்கத்தில் இருந்தது. பிள்ளைகளின் முகம் தெரிகிறது, என் முகமும் தெரிகிறது. பக்கத்தில் அடுத்த குழுவுக்கான பதிவுத் தொகை 300 டாலர் என்று போட்டிருக்கிறார்கள். எடுத்துவிடச் சொல்லி நான்கு முறை எழுதிவிட்டேன், எடுக்கவில்லை. தோளில் ஒரு சிறுவனைச் சுமந்தபடி அழுதுகொண்டே சிரிக்கும் ஒருவருடைய படத்தை நீங்கள் எங்கேனும் பார்த்தால், அது நான்தான். அதை நம்பி அந்த 300 டாலரைக் கட்டிவிடாதீர்கள்.